‘வேண்டாம்’ என்று சொல்லும் வசதி

குள்ள உருவம் கொண்ட நடிகர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் சீக்கிரமே ஒரு கேள்வியும் வந்துவிடும்: இந்த மாதிரி வேடங்களை அவர்கள் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்? கதாநாயகன் தலையில் தட்டுகிறான், வில்லன் சட்டையைப் பிடித்துத் தூக்குகிறான், தியேட்டர் சிரிக்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டு வரலாமே? கேட்பவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இந்தப் பேச்சில் மானமும் ரோஷமும் அடிபடுகிற அளவுக்கு வீட்டு வாடகை அடிபடுவதில்லை. ஒருவர் ஒரு வேடத்தை வேண்டாம் என்று சொன்னால், சொன்ன பிறகும் அந்த மாதம் ஓட வேண்டும். அதை எது ஓட்டுகிறது என்று பார்த்தால்தான் இந்த நடிகர்களின் தொழிலும் புகழும் வாழ்க்கையும் கொஞ்சமாவது பிடிபடும்.

கொருக்குப்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு நடிகர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், உயரம் நான்கு அடிக்குக் கொஞ்சம் கீழே. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போட்டாலும் பலருக்குத் தெரியாது, முகத்தைக் காட்டினால் தெரியும். படங்களில் அவருக்குப் பெயர் இருந்ததே குறைவு. யாராவது ‘டேய் பொடியா’ என்று கூப்பிடுவார்கள், அதுதான் கேரக்டர் பெயர். ஒருமுறை அவருக்கு ஒரு போன் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவர் வழக்கம்.

“இன்னா கேரக்டர் சார்?”

“அதெல்லாம் ஸ்பாட்ல டைரக்டர் சொல்லுவாரு.”

“எத்தினி நாளு?”

“ஒரு நாள்தான். காலைல ஆறு மணிக்கு வடபழனிலேர்ந்து வண்டி கெளம்புது. ஹைட் எவ்ளோன்னு சொன்னீங்க?”

உயரத்தைச் சொன்னார். பேட்டா கேட்டார். ‘பாத்துப் பண்ணிக்கலாம்’ என்றது எதிர்முனை. வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “பாத்தியா தம்பி, நடிக்கத் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேக்கல. இத்தினி வருஷத்துல எவனும் கேட்டதில்ல.”

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பது அந்த ஒரு போனிலேயே இருக்கிறது. டைரக்டருக்கு ஒரு ‘குள்ள ஆள்’ வேண்டும். துணை நடிகர்களை ஏற்பாடு செய்யும் கோஆர்டினேட்டரின் செல்போனில் பத்துப் பதினைந்து போட்டோ இருக்கும். போட்டோவும் உயரமும் போகும், ஒருவர் தேறுவார். கதை என்ன, வசனம் உண்டா என்பதெல்லாம் படப்பிடிப்புத் தளத்தில்தான் தெரியும். சில நாட்களில் முகமே தெரியாது: சிறுவனுக்கு டூப், அல்லது கரடி வேடத்துக்குள்ளே ஆள். உள்ளே போனால் வெந்துவிடும், ஆனால் அந்த வேலைக்கு யாரும் கேலி செய்வதில்லை என்பதால் அதுவே அவருக்குப் பிடித்த வேலை. இது எனக்கு முதலில் வேடிக்கையாகப் பட்டது. யோசித்தால் வேடிக்கை இல்லை.

சினிமா அவருக்கு முகவரி. சோறு போடுவது கல்யாண மண்டபம். ராயபுரம், தண்டையார்பேட்டை, மூலக்கொத்தளம் பக்கம் ரிசப்ஷன் வாசலில் ஜோக்கர் உடையில் நின்று குழந்தைகளுக்குக் கைகொடுத்து, பன்னீர் தெளித்து, மாப்பிள்ளையின் நண்பர்களோடு இரண்டு ஸ்டெப் ஆட வேண்டும். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பந்தி முடியும்வரை நிற்க வேண்டும். பணம் அன்றைக்கே கைக்கு வரும், பிரியாணிப் பொட்டலமும் வரும். ஆனால் ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மார்கழியில் கிடையாது. ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மண்ணடிப் பக்கம் ரம்ஜான் மாதம் முழுக்க ஒன்றும் இருக்காது. மூன்று மதங்களின் காலண்டரும் அவருக்கு அத்துப்படி. ஒரு படத்தில் நாயகன் அவரை உதைக்கிற காட்சிக்குக் கூப்பிட்டபோது போகவில்லை என்றார், இன்னொரு படத்தில் கிட்டத்தட்ட அதே காட்சிக்குப் போனதாகவும் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு வந்த பதிலை நான் மறக்கவில்லை: “மொத படம் தை மாசம் தம்பி. ரெண்டாவது படம் ஆடி.”

குள்ள உருவத்தை வேலையாக மாற்றியது சினிமா இல்லை. சிலப்பதிகாரத்தில் கோப்பெருந்தேவி கெட்ட கனவு கண்டு பாண்டியனிடம் வரும்போது அவளைச் சூழ்ந்து வரும் பணியாளர்களில் கூனரும் குறளரும் இருக்கிறார்கள். அரண்மனைகள் போனபின் சர்க்கஸ் கூடாரம் வந்தது. கேரளத்தின் தலச்சேரியில் வேர்விட்ட இந்திய சர்க்கஸில் ஜோக்கர் வெறும் சிரிப்புக்கான ஆள் இல்லை. ஒரு ஐட்டம் முடிந்து அடுத்ததற்கு வலை கட்டும் நேரத்தில் ஆயிரம் பேரை இருக்கையிலேயே உட்காரவைப்பவர் அவர். அடிபடாமல் விழத் தெரிய வேண்டும், எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று தெரிய வேண்டும். சம்பளம் கொஞ்சமாக இருந்தாலும் கூடாரத்தில் சாப்பாடும் படுக்கையும் தன்னைப் போன்ற நாலு பேரும் இருந்தார்கள். 1998இல் சிங்கம், புலி, கரடி, குரங்கு போன்ற விலங்குகளை வைத்து வித்தை காட்ட மத்திய அரசு தடை போட்டது, 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011இல் குழந்தைகளைச் சர்க்கஸில் பயன்படுத்தவும் நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டுமே தேவையான தடைகள்தான். ஆனால் கூடாரங்கள் சுருங்கியபோது அங்கிருந்த ஜோக்கர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அவர்களில் பலரை இன்று கல்யாண வாசலிலும் கடை திறப்பு விழாவிலும் பார்க்கலாம்.

தமிழ் சினிமாவில் இந்த விஷயம் 1989இல் வந்த அபூர்வ சகோதரர்களைத் தொடாமல் நகராது. அப்பு சர்க்கஸ்காரன்தான். ஆசைப்படுகிறான், அவமானப்படுகிறான், திட்டம் போட்டுப் பழிவாங்குகிறான். குள்ள உருவம் கொண்ட ஒருவனை முழு மனிதனாக எழுதிய தமிழ்ப் படம் எது என்று கேட்டால் இன்றும் நான் அதைத்தான் சொல்வேன். நடித்தவர் கமல்ஹாசன். காலை மடக்கி, முட்டியில் தனியாகச் செய்த காலணியை மாட்டி, சில ஷாட்டுகளுக்குத் தரையில் பள்ளம் தோண்டி எடுத்தார்கள். அப்புவோடு ‘புது மாப்பிள்ளைக்கு’ பாட்டில் ஆடியவர்களோ நிஜமாகவே உயரம் குறைந்த கலைஞர்கள். அப்புவை எல்லோருக்கும் தெரியும், பாட்டில் ஆடியவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னால் நமக்குத் தெரியாது. கமலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் படத்தை வேறு யாரை வைத்து அன்று எடுத்திருப்பார்கள்? ஆனால் 29 வருடம் கழித்து, 2018இல், இந்தியில் ‘ஜீரோ’ படத்துக்கு ஷாருக்கானைக் கணினியில் குள்ளமாக்கியபோதும் கணக்கு மாறவில்லை. வேடம் பெரியதென்றால் நட்சத்திரத்தைக் குறுக்கிக்கொள்வார்கள், வேடம் சின்னதென்றால்தான் உயரம் குறைந்தவரைத் தேடுவார்கள்.

விதிவிலக்கு பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 76 சென்டிமீட்டர் உயரமுள்ள அஜய்குமார் 2005இல் மலையாளத்தில் ‘அத்புத த்வீபு’ படத்தில் நாயகனாக நடித்தார். முழுநீளப் படத்தில் நாயகனாக நடித்த மிகக் குள்ளமானவர் என்ற கின்னஸ் பதிவால் கின்னஸ் பக்ரு ஆனார். அடுத்த ஆண்டே தமிழில் ‘டிஷ்யூம்’ படத்தில் வந்தார், 2013இல் ஒரு படத்தை இயக்கவும் செய்தார். அந்த 2005 படத்தில் அவர் மட்டுமா? உயரம் குறைந்த நடிகர்கள் நூற்றுக்கணக்கில் நடித்தார்கள். ஒரு டைரக்டர் நினைத்தால் ஆள் கிடைக்காமல் போவதில்லை.

நம்மூர் துணை நடிகர் கிங்காங்கின் கதை இன்னும் விசித்திரம். 1990இல் ‘அதிசயப் பிறவி’ படத்தில் ரஜினிகாந்த் முன்னால் அவர் பிரேக் டான்ஸ் ஆடிய காட்சி, யூடியூப் வந்த புதிதில் ‘லிட்டில் சூப்பர்ஸ்டார்’ என்ற பெயரில் உலகமெல்லாம் சுற்றியது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர்கள்கூட அந்த ஆட்டத்தை அனுப்பி அனுப்பிப் பார்த்தார்கள். அத்தனை பேரில் ஆடியவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? துணை நடிகருக்குச் சம்பளம் நாள் கணக்கில், அன்றோடு கணக்கு முடிந்தது. காட்சி மட்டும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது அமெரிக்க நடிகர் பீட்டர் டிங்க்லேஜ். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் டிரியன் லானிஸ்டர் வேடத்துக்காக 2011, 2015, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் எம்மி விருது வாங்கியவர். உயரம் 132 சென்டிமீட்டர். தொடக்கத்திலேயே குட்டிச்சாத்தான், கிறிஸ்துமஸ் தாத்தாவின் எடுபிடி மாதிரி வேடங்களை மறுத்தவர் என்று அவரைப் பற்றி எழுதும் எல்லோரும் எழுதுகிறார்கள். அதை எப்படிச் சமாளித்தார் என்பது அவ்வளவாக எழுதப்படுவதில்லை. அவரே 2012இல் தான் படித்த பென்னிங்டன் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் சொன்னார். 1991இல் படித்து முடித்து நியூயார்க் போனவர், தேர்வு நடத்தும் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் கணினியில் தகவல் பதியும் வேலை பார்த்தார். குளிர்காலத்தில் சூடாக்கும் வசதி இல்லாத வீட்டில் எலிகளோடு வாழ்ந்தார். அந்த வேலை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 29 வயதில் அதை விட்டார். பெயர் வாங்கித் தந்த ‘தி ஸ்டேஷன் ஏஜென்ட்’ படம் வந்தது 2003இல்.

அவருடைய பிடிவாதத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு ஆறு வருடம் மாதச் சம்பளம் முட்டுக்கொடுத்தது என்கிறேன். நல்ல கல்லூரிப் படிப்பு இருந்தது, உயரம் பார்க்காமல் வேலை கொடுத்த ஒரு அலுவலகம் இருந்தது. நம்ம கொருக்குப்பேட்டை அண்ணன் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவர். பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தொங்கும், மணிக்கணக்கில் தொங்கினால் மரத்துப்போகும். அதை வாத்தியாரிடம் சொல்லக் கூச்சம். கேலியால் நின்றுவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள், பெஞ்சும் ஒரு காரணம் என்கிறார் அவர்.

வேலையா கண்ணியமா என்ற சண்டை பிரான்ஸில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மோர்சாங்-சூர்-ஓர்ஜ் என்ற சிற்றூரின் இரவு விடுதியில் குள்ள உருவம் கொண்ட ஒருவரைப் பாதுகாப்பு உடை மாட்டித் தூக்கி எறிந்து விளையாடும் போட்டி நடந்தது. மேயர் தடை விதித்தார். வழக்கு நடத்தியது எறியப்பட்ட ஆளேதான், மனுவேல் வாக்கன்ஹைம். என் வேலையை ஏன் பறிக்கிறீர்கள் என்பது அவர் வாதம். மனித கண்ணியம் பொது ஒழுங்கின் ஒரு பகுதி, சம்பந்தப்பட்டவர் ஒப்புக்கொண்டாலும் தடை செல்லும் என்று பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 1995 அக்டோபரில் சொல்லிவிட்டது. அவர் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார், 2002இல் அங்கும் தோற்றார். தன்னைப் போன்றவர்களுக்கு பிரான்ஸில் வேலை இல்லை, வேலை இருப்பதுதான் கண்ணியம் என்று அவர் வாதாடினார். தீர்ப்பு சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அந்த மனுஷன் கேட்டதற்குத் தீர்ப்பில் பதில் இல்லை. தடை போட்டவர்கள் மாற்று வேலை எதையும் கையில் கொடுக்கவில்லை.

கிட்டத்தட்ட அதே பஞ்சாயத்து 2022 ஜனவரியில் ஹாலிவுட்டில் வெடித்தது. டிஸ்னி ஸ்னோ ஒயிட்டைப் புதிதாக எடுக்கிறார்கள் என்றதும், குகையில் வாழும் ஏழு குள்ளர்கள் என்ற பழைய கதையை இன்னும் விடமாட்டீர்களா என்று டிங்க்லேஜ் ஒரு பேட்டியில் வெளுத்து வாங்கினார். அந்த ஏழு பாத்திரங்களையும் வேறு மாதிரி அணுகப் போவதாக டிஸ்னி அறிவித்தது. உடனே உயரம் குறைந்த வேறு நடிகர்கள் கோபப்பட்டார்கள்: நீங்கள் மேலே போய்விட்டீர்கள், எங்களுக்கு வரும் ஏழு வேலையை ஏன் கெடுக்கிறீர்கள்? 2025 மார்ச்சில் படம் வந்தபோது ஏழு பேரும் கணினியில் வரையப்பட்டிருந்தார்கள். ஏழு குரல்களில் குள்ள உருவம் கொண்ட நடிகரின் குரல் ஒன்றே ஒன்று, மார்ட்டின் கிளெப்பா. டிங்க்லேஜ் கேட்டது நல்ல கதை, மற்றவர்கள் கேட்டது வேலை. நிறுவனம் இரண்டையும் கொடுக்காமல் தப்பித்துக்கொண்டது. பழி மட்டும் நடிகர்களுக்குள் மாறி மாறிச் சுற்றுகிறது.

வேலைக்கு அழைக்கும் முறையை மாற்ற முயன்றவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் வார்விக் டேவிஸையும் முதலில் உயரம் பார்த்துத்தான் எடுத்தார்கள். ஸ்டார் வார்ஸ் படத்துக்கு நான்கு அடிக்குக் கீழே உள்ளவர்கள் தேவை என்று வந்த வானொலி விளம்பரத்தை அவர் பாட்டி கேட்டார், பதினோரு வயதுப் பேரன் நடிகரானான். அவர் 1995இல் உயரம் குறைந்த நடிகர்களுக்காகவே ஒரு ஏஜென்சியைக் கூட்டாகத் தொடங்கினார். சம்பளம், பாதுகாப்பு, வேடம் என்ன என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி எழுதி வாங்க ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த ‘ஸ்பாட்ல சொல்லுவாரு’ போனைக் கேட்ட எனக்குத் தெரியும். அசாமில் தேசிய நாடகப் பள்ளியில் படித்த பவித்ரா ராபா, உதல்குரி மாவட்டத்தின் தங்லாவில், குள்ள உருவம் கொண்டவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து அவர்கள் வாழ்க்கையையே மேடையேற்றினார். பழைய ஒற்றைவாடை தியேட்டர் இருந்த வால்டாக்ஸ் ரோட்டில் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுக்கள் பையன்களைச் சேர்த்து நடிப்புச் சொல்லிக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அப்படி ஒரு பட்டறை வடசென்னையில் இன்று இவர்களுக்கு இருந்தால் ஆட்கள் வருவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, சும்மா சொல்லவில்லை.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சினிமாக்காரர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். குள்ள உருவத்துக்கு நூற்றுக்கணக்கான காரணங்கள் உண்டு. அதிகம் காணப்படுவது அகோண்ட்ரோபிளாசியா. எலும்பு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றம் இது, 1994இல் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 25,000 பிறப்புகளுக்கு ஒன்று. இப்படிப் பிறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்கள்தான், ஆகவே யார் வீட்டிலும் நடக்கலாம். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கையும் காலும்தான் குட்டை, உடல்பகுதி கிட்டத்தட்ட மற்ற பெரியவர்களின் அளவே. அதனால் செட்டில் காஸ்ட்யூமர் சிறுவர் சட்டையை எடுத்து வைத்திருந்தால் மார்பில் பொத்தான் பூட்டாது. அண்ணன் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பெரியவர்கள் சட்டையைத்தான் வாங்குகிறார், தெரிந்த டெய்லரிடம் கையையும் கீழ்ப்பக்கத்தையும் வெட்டித் தைத்துக்கொள்கிறார். ஒரு சட்டைக்கு இரண்டு செலவு.

முதுகுத்தண்டின் உள்வழி இவர்களுக்கு இயல்பாகவே குறுகலாக இருக்கும். வயதாக ஆக நரம்பு அழுந்தும், கால் மரக்கும், கொஞ்ச தூரம் நடந்தால் உட்காரத் தோன்றும். கழுத்தைச் சட்டென்று ஆட்டுவதோ, தூக்கிப் போடுவதோ மற்றவர்களைவிட இவர்களுக்கு ஆபத்து. ‘சின்ன உடம்புதானே’ என்று தூக்குகிற ஒவ்வொரு காட்சிக்குப் பின்னாலும் இது இருக்கிறது. 2012இல் கோல்டன் குளோப் மேடையில் டிங்க்லேஜ் நன்றி சொல்லி முடிக்கும்போது மார்ட்டின் ஹெண்டர்சன் என்ற பெயரைச் சொல்லித் தேடிப் பாருங்கள் என்றார். முந்தைய அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு மதுவிடுதி வாசலில் முன்பின் தெரியாத ஒருவன் தூக்கி எறிந்ததில் முதுகு அடிபட்டவர் அவர்.

இங்கே அது செல்ஃபி வடிவத்தில் வருகிறது. மற்ற நடிகர்களுக்கு ஒரு படம் ஓடிய பிறகுதான் தெருவில் தலை திரும்பும். அண்ணனைப் பார்த்துச் சின்ன வயசிலிருந்தே திரும்பிக்கொண்டுதான் இருந்தது. “மின்னாடி மொறச்சிப் பாப்பானுங்க, படம் வந்தப்புறம் சிரிச்சிப் பாக்குறானுங்க. அவ்ளோதான் வித்தியாசம்” என்பார். சிரித்துப் பார்ப்பது பரவாயில்லை, அதில் அன்பும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ‘தல, எப்போ அடுத்த படம்?’ என்று டீயை நீட்டும் கடைக்காரர்கள் உண்டு. ஆனால் போட்டோ என்று வந்துவிட்டால் கேட்காமலே இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார்கள், வளர்ந்த மனுஷனை, பெண்டாட்டி பிள்ளைக்கு முன்னால். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். யாராவது போனை எடுத்தாலே பக்கத்தில் இருக்கும் படியிலோ திண்ணையிலோ ஏறி நின்று, ‘வா தம்பி, இங்க எடுப்போம்’ என்பார். முகம் இரண்டும் ஒரே மட்டத்தில் வந்துவிடும், தூக்கும் எண்ணம் வராது. புகழ் இல்லாத நாளிலும் அந்தப் பார்வை இருக்கும், வேலை இல்லாத மாதத்திலும் செல்ஃபி இருக்கும். கடனுக்கு மளிகை வாங்கப் போகும் வழியில் நாலு பேருக்கு போஸ் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சட்டம் முன்னைவிட நகர்ந்திருக்கிறது. 1995இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் குள்ளத்தன்மை தனியாக இல்லை. 2016 சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டு அதையும் சேர்த்தது: வளர்ந்தவரின் உயரம் 4 அடி 10 அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் கீழே. பொது இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை என்று 92ஆவது பிரிவு சொல்கிறது. 2024 ஜூலையில் ஓர் இந்திப் படத்தைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளியின் வாழ்க்கையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அவரை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டி, திரையில் சித்திரிப்பதற்கு வழிகாட்டு நெறிகளையும் தந்தது. நல்ல தீர்ப்பு. கோஆர்டினேட்டர்கள் யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

என்னைக் கேட்டால் தலையில் தட்டும் காட்சிகளைக் குறைக்கப் போவது சினிமாவைப் பற்றிய தீர்ப்புகளைவிட, சினிமாவோடு சம்பந்தமே இல்லாத விஷயங்கள். பாரிஸ் பாராலிம்பிக்கில் 2024இல் ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன், உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்.எச்.6 பிரிவு பேட்மிண்டனில் வெண்கலம் வாங்கினார். உயரத்தைக் காட்டி மருத்துவப் படிப்பை மறுத்தபோது குஜராத்தின் கணேஷ் பாரையா உச்ச நீதிமன்றம் போய் 2018இல் ஜெயித்து, படித்து டாக்டரானார். அந்த அளவுக்குப் போக வேண்டாம், பஸ் படிக்கட்டே போதும். சாதாரண மாநகரப் பேருந்தில் ஏறுவது அண்ணனுக்கு மலை ஏற்றம், கண்டக்டரோ யாரோ கைபிடித்து இழுக்க வேண்டும். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மெட்ரோவும் இருக்கிறது: வண்ணாரப்பேட்டையில் ஏறி சென்ட்ரலில் மாறினால் வடபழனி. லிஃப்ட் பட்டன் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் காலை ஆறு மணி வண்டியைப் பிடிக்க ஆட்டோவுக்கே பேட்டாவில் பாதி போய்விடும். இப்போது ஆட்டோக் காசு மிச்சமாகும் நாட்களில் ஒரு வேடத்தைப் பற்றி இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க முடிகிறது என்கிறார்.

அவருக்கு ஒரு மகள், பி.காம். முடித்தவள், அப்பாவின் உடல்வாகு அப்படியே. பெற்றோரில் ஒருவருக்கு அகோண்ட்ரோபிளாசியா இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, இவள் அந்தப் பாதியில் விழுந்தாள். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு, அதற்கு ஊனம் குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழ் வேண்டும். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் கணக்கு இப்படி: 4 அடி 10 அங்குலத்திலிருந்து குறையும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 4 சதவீதம், எலும்பில் வேறு வளைவு இருந்தால் அது தனி. உயரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நான்கு அடிதான் எல்லைக்கோடு. நான்கு அடி மூன்று அங்குலத்தில் இருப்பவர் அதே கேலியைத்தான் வாங்குகிறார், ஆனால் 28 சதவீதத்தோடு வெளியே நிற்கிறார். அவளோ மூன்று அடி பத்து அங்குலம், 48 சதவீதம். அரசு மருத்துவமனையில் அளக்கும்போது நிமிர்ந்து நிற்காதே என்று அப்பா காதில் சொன்னாராம், அவள் முறைத்திருக்கிறாள்.

அவளுக்கும் போன் வருகிறது. அப்பாவின் எண்ணை வைத்திருக்கும் கோஆர்டினேட்டர்கள் ‘பொண்ணு போட்டோ அனுப்புங்க, லேடி கேரக்டர் இருக்கு’ என்கிறார்கள். என்ன கேரக்டர், எத்தனை சீன், வசனப் பேப்பர் வாட்ஸ்அப்பில் வருமா என்று அவளே வாங்கிப் பேசுகிறாள். வராது என்றால் வைத்துவிடுகிறாள். குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். போன ஆடியில் அப்படி ஒரு போனை அவள் வைத்தபோது, வாடகைக்கு இருக்கட்டுமே என்று அப்பா இழுத்திருக்கிறார். டியூஷன் பணத்தை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுப் பாடம் சொல்லப் போய்விட்டாளாம்.